ஐந்தரை மணி நேரம்

"கையைக் குடுங்க மேடம், ஒரே ஒரு வாட்டி கண்ணுல ஒத்திக்கினு போயிர்றேன்."

கும்மிடிப்பூண்டியில், இரும்பு உருக்கும் அந்தத் தொழிற்சாலையின் வாசலில் செண்பகம் வழிமறித்ததும் ஹுமைரா கூசிப்போனாள். அவள் அங்கே கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்ப்பவள். செண்பகத்தின் கணவன் ஆதிகேசவன் உலை ஆபரேட்டர். சஸ்பென்ஷன் ரத்தாகி, அன்றைக்குத்தான் மறுபடி உள்ளே போயிருந்தான்.

"அதெல்லாம் வேணாம்க்கா. வாங்க, டீ சாப்பிடலாம்."

எதிர்க்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும், பெரியபாளையத்திலிருந்து தூக்கி வந்த வெண்டைக்காய்ப் பையை செண்பகம் அவள் பக்கம் நகர்த்தினாள்.

"எங்க தோட்டத்துது. இல்லன்னு சொல்லாதீங்க. உலையைக் குளுர வெக்கிற தண்ணி வால்வைக் காலைலயே மூடினது எங்க ஊட்டுக்காரர்தான்னுட்டாங்க. சாயங்காலம் உலை வெடிச்சு ஒரு புள்ளைக்குக் கை வெந்துபோச்சே, அந்தப் பாவமும் இவரு தலைல. தெருவுல ஒருத்தர் பேசல. சோத்தைப் பிசைஞ்சிக்கினே உக்காந்திருப்பாரு மனுசன். நீங்கதான் காப்பாத்திட்டீங்களாமே, இன்னா பண்ணீங்க?"

"பெருசா ஒண்ணுமில்லக்கா. உலைகிட்ட இருக்கற கம்ப்யூட்டர் வேற, ஆபீஸ்ல இருக்கறது வேற. அது சீமையில இருக்கற கிரீன்விச் நேரத்தை எழுதுது. இது அதையே நம்ம ஊர் நேரம்னு நெனைச்சிக்கினு அப்படியே காட்டுது. ரெண்டுக்கும் அஞ்சரை மணி நேரம் வித்தியாசம். காலைல எட்டே முக்காலுக்கு வால்வை மூடினதாக் காட்டுச்சு. நெசத்துல அது மத்தியானம் ரெண்டேகால். அண்ணனோட ஷிப்ட் ரெண்டு மணிக்கே முடிஞ்சிருச்சு."

"நீங்க பாக்காம விட்டிருந்தா?"

"இனிமே அந்தப் பேஜாரு வராதுக்கா, மாத்தி வெச்சிட்டேன். எந்த மெஷின்ல எழுதினாலும் ஒரே நேரந்தான். ஆளுக்குக் காட்டறப்ப மட்டும் நம்ம நேரமா மாத்திக் காட்டும்."

செண்பகத்துக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் முகம் மலர்ந்திருந்தது. டீயை ஒரு வாய் குடித்தவள் நிமிர்ந்தாள்.

"அப்ப ரெண்டு மணிக்கு மேல உள்ள இருந்தவன் யாரு? எங்க ஊட்டுக்காரரைக் கேட்டா பேரைச் சொல்ல மாட்டேங்கறாரு. தெரிஞ்சே வாயைத் தொறக்காம இருந்தான் பாரு, பாவி."

"அப்படிச் சொல்லாதீங்கக்கா," என்றாள் ஹுமைரா மெதுவாக. "அவருதான் மொதல்ல மேனேஜர்கிட்டப் போனாரு. 'தப்பான வால்வை மூடினது நான்தான், ஆதிகேசவனை விட்ருங்க'ன்னு கேட்டாரு. மேனேஜர் நம்பல. 'கம்ப்யூட்டர்ல காலைலன்னு இருக்கு, கூட்டாளியைக் காப்பாத்தப் பாக்கறியா'ன்னு வெரட்டிட்டாரு. அவரு பொய் சொல்ற ஆளில்லன்னு எனக்குத் தெரியும். அதுக்கப்புறந்தான் நான் அந்த ரெண்டு மெஷினோட நேரத்தையும் ஒத்துப் பாத்தேன்."

செண்பகம் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். கண் கலங்கிவிட்டது.

"தெரியாம திட்டிட்டேனே. நான் மொதல்ல கும்பிட வேண்டியது அவரைத்தான். எந்த ஷிப்ட்ல வருவாரு? இங்கியே குந்திக்கினு இருக்கேன்."

"வர மாட்டாருக்கா. நேத்து அவரை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க."

"ஊடு எங்கன்னாச்சும் சொல்லுங்க. போய்ப் பாத்துட்டு வரேன்."

"பழவேற்காடு," என்றாள் ஹுமைரா. "என்கூடவே வந்துருங்க. அவரு எங்க வாப்பா."