தங்கை சொன்ன நாடகம்

புது நாடகம் எது வந்தாலும் முதல் ஆளாகப் பார்த்துவிட்டு, நாடகப் பைத்தியங்களான தோழிகளுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்கிறவள் அந்த மருந்துக்கடைக்காரி. "கண்ணை மூடிட்டுப் போங்க" என்று அவள் சொன்னால் போதும், கிளம்பிவிடுவார்கள். இந்த முறை அக்காவையும் அத்தானையும் தானே மதியக் காட்சிக்குக் கூட்டிவந்து, அக்காவை நடுவில் விட்டு உட்கார்ந்திருக்கிறாள். மேடையில் ஒரே ஒரு மஞ்சள் விளக்கு. கணவனாக நடிப்பவன் கதவைத் தாழிட்டுவிட்டு, குரலை உயர்த்தாமல், சட்டைக் கையை ஒவ்வொரு மடிப்பாக மடித்து மேலே ஏற்றுகிறான். போன வாரம் இதே காட்சியில் தங்கை நடிப்பை வியந்து தலையாட்டினாள். இப்போது அவள் மணிக்கட்டைப் பற்றியிருக்கும் அக்காவின் விரல்கள் சில்லிட்டுக் கிடக்கின்றன. மேடையில் அவன் இன்னும் கை ஓங்கவே இல்லை. அதற்குள் அக்காவின் இன்னொரு கை மடங்கி எழுந்து முகத்தை மறைத்துக்கொள்கிறது. அத்தான் மேடையைப் பார்க்கவில்லை, அக்காவையே பார்க்கிறார்.

"நாடகம்தானே, எதுக்கு இப்படி நடுங்குற?" என்கிறார், அதே தாழ்ந்த குரலில்.

"குளியலறையில வழுக்கிட்டேன்டி" என்று அக்கா வந்து நின்றபோதெல்லாம், வலி மாத்திரையைக் கவரில் போட்டுக் கொடுத்தவள் தங்கைதான். அத்தான் மேடைப் பக்கம் திரும்பும்வரை மூச்சைப் பிடித்துக் காத்திருக்கிறாள்.

"அக்கா, இப்பவே என்கூட வந்துடு."

அக்கா இருட்டில் காலால் துழாவி, சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொள்கிறாள்.