யாரும் பார்க்காத சுவர்

வீட்டின் முன்பக்கம் பூச்சு உதிர்ந்து பல்லிளிக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டு, மூன்றடிச் சந்துக்குள் யார் கண்ணிலும் படாத பக்கவாட்டுச் சுவருக்குப் பளீரென்று வெள்ளையடித்து வைத்திருந்தார் பக்கத்து வீட்டு பஸ் டிரைவர்.

பல்புக்கடைக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பத்து நாளாகக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதே பேச்சுதான். முகம் கழுவாமல் முதுகுக்குப் பவுடர் போடுகிற ஆள் என்று டிரைவருக்குப் பட்டமும் கொடுத்தாகிவிட்டது.

இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று ஐந்து வருஷம். டிரைவர் மாடி எழுப்பியதும் பல்புக்கடைக்காரரின் பின்னறை இருண்டு போனது. அங்கேதான் அவர் மனைவியின் தையல் மெஷின் இருக்கிறது. இது பெரிய அநியாயம் என்று தெருவையே கூட்டினார். கூட்டி முடித்துவிட்டு, கடையிலிருந்து ஒரு பல்பு கொண்டுவந்து மாட்டினார்.

மனைவி கேட்டது பல்பு இல்லை. கூரையில் ஒரு சதுரம் வெட்டிக் கண்ணாடி பதித்தால் போதும், இரண்டு நாள் வேலை என்று கொத்தனார் வந்து அளந்துகூடப் பார்த்தார்.

"பல்புக்கடைக்காரன் வீட்டுல வெளிச்சத்துக்குக் கூரையில ஓட்டையா? அப்புறம் நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வியாபாரம் பண்றது?"

கொத்தனார் டேப்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்.

"இந்த பல்புல கருநீலமும் கறுப்பும் ஒண்ணு போலத் தெரியுதுங்க" என்றாள் மனைவி.

"அட்டையைப் படி. பகல் வெளிச்சம்னு போட்டிருக்கா இல்லையா?"

போட்டிருந்தது. துணிக்கும் நூலுக்கும்தான் படிக்கத் தெரியவில்லை.

அதனால் ஒவ்வொரு முறையும் அவள் துணியையும் நூல்கண்டையும் எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய், வெயிலில் நின்று நிறம் பார்த்து வருவாள். ஒரு நாளைக்குப் பதினைந்து தடவையாவது ஆகும். மழை பெய்த ஒரு நாள் போகவில்லை. அன்றைக்குத் தைத்த பன்னிரண்டு கருநீலக் கோட்டிலும் கறுப்பு நூல் ஓடியிருந்தது. தைக்கக் கொடுத்த கம்பெனிக்காரர்கள் அத்தனையையும் திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்றும் சொல்லி அனுப்பினார்கள். நாலு நாள் உட்கார்ந்து எல்லாத் தையலையும் பிரித்தாள். கறுப்பு நூல் தெரியாமல் ஒவ்வொரு கோட்டாகத் தெருவுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்து, அழுதுகொண்டேதான் பிரித்தாள்.

பல்புக்கடைக்காரருக்கே மனசு கேட்கவில்லை. முந்தினதைவிடப் பெரிய பல்பாக ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். அடுத்த வாரமே, "இப்ப நிறம் நல்லாத் தெரியுதுங்க" என்றாள் மனைவி. தெருவுக்குப் போவதும் நின்றுவிட்டது. கோட்டுகள் ஒரு குறையும் இல்லாமல் போய்ச் சேர்ந்தன.

அவ்வளவுதான், பல்புக்கடைக்காரரைக் கையில் பிடிக்க முடியவில்லை. சூரியனுக்கே ஓய்வு கொடுத்துவிட்டதாகப் பேச ஆரம்பித்தார். காலையில் கடைக்குப் போனால் இருட்டின பிறகுதான் வீடு திரும்புகிறவர், அந்த அறையைப் பகலில் போய்ப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

அந்தப் பேச்சில் மயங்கி ஒரு நாள் லாட்ஜ் முதலாளி வந்தார். அவருடைய லாட்ஜில் நாற்பது அறை. எல்லா ஜன்னலும் அவருடைய கிடங்குச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தன. உள்ளே வருகிறவர்கள் இருட்டாக இருக்கிறதென்று அப்படியே திரும்பிப் போகிறார்களாம்.

"வாங்க, வீட்டுக்கே கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்" என்று கையோடு அழைத்து வந்தார் பல்புக்கடைக்காரர். பேச்சு வழியிலேயே நாற்பது பல்புக்கு முடிந்துவிட்டது.

பின்னறையில் மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அறை முழுக்க இதமான வெளிச்சம். மூலையில் கிடந்த பட்டனின் நிறம்கூடத் தெரிந்தது.

"கண்ணே கூசல பாருங்க. அதான் நம்ம சரக்கு" என்று மேலே கையைக் காட்டினார் பல்புக்கடைக்காரர்.

லாட்ஜ் முதலாளி அண்ணாந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"அது எரியலையே."

பல்புக்கடைக்காரர் ஓடிப்போய் சுவிட்சைப் போட்டார். பல்பு எரிந்தது. ஆனால் அறையில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை.

"அப்ப இந்த வெளிச்சம் எங்கேருந்தும்மா வருது?" என்று கேட்டார் லாட்ஜ் முதலாளி.

மனைவி ஒரு நிமிஷம் கணவரைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் திரையை முழுக்க ஒதுக்கினாள். மேலேயிருந்து சந்துக்குள் இறங்கின வெயில் டிரைவர் வீட்டு வெள்ளைச் சுவரில் பட்டு, ஜன்னல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

"எல்லாம் இந்தச் சுவர்லேருந்து வர்றதுதாங்க."

லாட்ஜ் முதலாளி சிரித்தேவிட்டார். தன் கிடங்குச் சுவருக்கு எத்தனை டப்பா வெள்ளை பெயிண்ட் வேண்டும் என்று கேட்க, நேரே டிரைவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

பல்புக்கடைக்காரருக்கு முகம் செத்துவிட்டது.

"ஏண்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொல்லியிருந்தா அன்னைக்கே இந்த ஜன்னலுக்குப் பலகை வச்சு ஆணி அடிச்சிருப்பீங்க."

தோற்றவருக்குக் கேலிதானே மிச்சம்.

"ஆனாலும் அவன் முட்டாள்தான். ஊரே பார்க்கிற முன்பக்கம் நாறிக் கிடக்குது. யாரும் பார்க்காத சுவருக்குப் போய்ப் பெயிண்ட் அடிச்சிருக்கான்."

மனைவி நூல்கண்டைத் துணியோடு வைத்து நிறம் பார்த்தபடியே சொன்னாள்.

"முன்பக்கத்துக்குன்னுதான் வாங்கி வச்சிருந்தாராம். நான் தெருவுல நின்னு கோட்டைப் பிடிச்சுக்கிட்டு அழுததைப் பார்த்துட்டு, அந்தப் பெயிண்ட்டை எடுத்துட்டுப் போய் சந்துக்குள்ள அடிச்சுட்டாருன்னு அவங்க வீட்டு அக்கா சொன்னாங்க."