இரண்டு முள் வாட்ச்

மச்சான் டப்பாவைத் திறந்தான். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. தாலி கட்டும்போதுகூட அப்படி அடிக்கவில்லை, சத்தியமாக.

சாரம் என்கிற ஊரில் ஒரு கல்யாண மண்டபத்து மேடையில் எனக்குக் கல்யாணமாகி அப்போது இருபது நிமிஷம்.

தாலி ஏறிய கையோடு பெண்ணின் தம்பி மாப்பிள்ளைக்கு வாட்ச் கட்டிவிடுவது எங்கள் வழக்கம். எந்த வாட்ச் என்று மாப்பிள்ளை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. நான் சொன்னேன். மாடல் நம்பர் முதற்கொண்டு எழுதி மச்சான் நெடுமாறன் கையில் கொடுத்தேன்.

என்னை அல்பம் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருஷமாக அந்த வாட்சைப் போனில் பார்த்துப் பார்த்துத் தூங்கியவன் நான். சேதராப்பட்டு கம்பெனியில் நான் வாங்குகிற சம்பளத்துக்கு, ஏழு மாசம் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தால்தான் அதைத் தொட முடியும்.

வெள்ளை டயல். பழுப்பு லெதர் ஸ்ட்ராப். சட்டைக் கைக்குள் சத்தமில்லாமல் நுழைந்துகொள்கிற மெலிசு. நம்பர் கிடையாது, தேதி கிடையாது, இரண்டே முள். விலை ஏற ஏற வாட்சில் ஒன்றுமே இருக்காது. அதுதான் அழகு.

இதை எங்கப்பாவிடம் போய்ச் சொல்ல முடியுமா? மில் ஓடின காலத்தில் சங்குச் சத்தத்தை வைத்தே மணி தெரிந்துகொண்டவர். வாட்ச் என்று ஆரம்பித்தாலே, "கையில போன் இருக்குதுல்ல?" என்பார். பேச்சு அதோடு முடிந்தது.

அந்த அப்பாதான் முதலில் அதைக் கையில் வாங்கினார். காதில் வைத்தார். ஆட்டினார். மறுபடி காதில் வைத்தார்.

"இது ஓடல."

நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்க நிறுத்தியிருந்த நேரம் பார்த்துச் சொன்னார். மண்டபம் முழுக்கக் கேட்டது.

அப்பாவின் அக்கா, தனக்கொடி அத்தை, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். வாட்சைப் பிடுங்கிக் கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள்.

"ஐயையோ, ஏழரையில நிக்குதுடா! நல்ல நாளும் அதுவுமா நின்னுபோன கடியாரத்தையா குடுப்பாங்க? இன்னாடா இது, மூணாவது முள்ளக் காணோம், நம்பர்கூட போடல!"

ஓடாததற்குக் காரணம் நான்தான். அது சாவி கொடுத்தால் ஓடுகிற வாட்ச். முதல் சாவியை என் கையால்தான் கொடுப்பேன், நீ அந்தக் குமிழைத் தொடவே கூடாது என்று நெடுமாறனிடம் நூறு தடவை சொல்லியிருந்தேன். பாவி, சொன்னதை அப்படியே கேட்டிருக்கிறான்.

"அப்பா, சாவி குடுத்தா ஓடும்பா" என்றேன்.

சொல்லாமலே இருந்திருக்கலாம்.

"இந்தக் காலத்துல சாவி குடுக்கற வாட்ச்சா?" அத்தை கையைத் தட்டினாள். "சண்டே மார்க்கெட்ல எவனோ போட்டுட்டுப் போன பழச பொறுக்கியாந்திருக்கான்!"

விலையைச் சொல்லலாம்தான். சொன்னால் அடுத்த கேள்வி வருமே.

என் மாமனாருக்கு முகம் சுண்டிப்போனது. மனுஷன் வேறு வழியில்லாமல் தன் கையில் கிடந்ததைக் கழற்றி என் கையில் மாட்டிவிட்டார். மெதுவடை சைஸ். தங்கக் கலர் செயின். கிழமை, தேதி, மூன்று முள், பன்னிரண்டு நம்பர், எல்லாம் இருந்தது. கையைத் தூக்கினால் கலகலவென்று முழங்கை வரைக்கும் இறங்கியது.

அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இது வாட்ச்சு!"

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. என் வாட்சை, என் வாட்சை ஐயா, நெடுமாறன் கையில் திணித்தார்.

"வக்கில்லன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம் தம்பி. நாங்களே வாங்கிட்டிருப்போம்."

நெடுமாறன் நோணாங்குப்பத்தில் டூரிஸ்ட் படகு ஓட்டுகிறவன். லைஃப் ஜாக்கெட் போட மாட்டேன் என்று எவனாவது சொன்னால், நடு ஆற்றில் படகை நிறுத்தி வைத்துத் திட்டுவான். அப்படிப்பட்டவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

ஒரே ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் வாழைமரத்தைப் பார்த்தேன்.

வெட்கமாகத்தான் இருந்தது. அந்த வெட்கத்திலும், இவன் வாட்சைக் கீழே போட்டுவிடுவானோ என்று பதறினேன் பாருங்கள். என்னை என்ன செய்தால் தகும்?

"ரெண்டு பேரும் கொஞ்சம் சிரிங்க" என்றார் போட்டோகிராபர்.

சிவசங்கரி சிரித்தாள். சிரித்தபடியே, உதடு அசையாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினாள். என் பெண்டாட்டியாக அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

"அது மூணு வருஷமா நீங்க உங்கப்பாவுக்குத் தெரியாம சேத்து வெச்சு, என் தம்பி கையில குடுத்து வாங்கியாரச் சொன்ன காசுன்னு நான் சொல்லட்டுமா, இல்ல நீங்களே சொல்றீங்களா?"

ஐயர் முன்னால் இருந்த மைக் அதற்குள் அவள் கைக்கு வந்துவிட்டது.