அறைக்குள் ஓர் ஆண்

"உங்கள் அறையில் ஓர் ஆண் குரல் கேட்கிறது. முதல் எச்சரிக்கை."

கணினித் திரையில் சிவப்பு எழுத்தில் அதைப் படித்ததும் அவளுக்குப் பகீரென்றது. கதவைத் தாழ்போட்டு, கட்டிலுக்கு அடி முதல் அலமாரிக்குப் பின்பக்கம் வரை கேமராவில் காட்டிவிட்டுத்தான் பரீட்சைக்கு உட்கார்ந்திருந்தாள். ஹாலில் போன் பேசும் கணவனின் குரல்தான் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்தது.

புள்ளியியல். கல்யாணத்தின்போது பாதியில் நின்ற பட்டப்படிப்பில் பாக்கியிருந்த ஒரே பாடம். இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று, இதுதான் கடைசி வாய்ப்பு என்று பல்கலைக்கழகம் கறாராகச் சொல்லிவிட்டது. மூன்று மாதமாக அடுப்புக்கு மேல் சூத்திரங்களை ஒட்டிவைத்து மண்டையில் ஏற்றியிருந்தாள்.

"ஏங்க, இன்னிக்கு ரெண்டு மணி நேரம் வாயைத் திறக்காதீங்க. புண்ணியமாப் போகும்" என்று காலையிலேயே கெஞ்சியிருந்தாள்.

"எனக்கும் அதே நேரத்துல டியூட்டிம்மா. மெதுவாப் பேசிக்கிறேன்."

போன வாரம்தான் அவனுக்கு வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை கிடைத்திருந்தது. என்ன வேலை என்று கேட்டால், "யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க" என்று அலட்டிக்கொள்வான்.

ஆறாவது கேள்வியில் மறுபடி ஹாலில் இடி முழக்கம். அடுத்த தெருவுக்குக் கேட்காமல் பேசினால் அதுதான் அவனுக்கு மெதுவாகப் பேசுவது. என்ன பேசுகிறான் என்பது மட்டும் புரியவில்லை.

"இரண்டாவது எச்சரிக்கை."

எழுந்து போய் அவன் வாயைப் பொத்தலாமென்றால், எழுந்தாலே தேர்வு ரத்து. கத்தவும் கூடாது. விதிப்படி போனையும் வெளியே வைத்தாயிற்று. கண்காணிப்பாளரிடம் முறையிடவும் வழியில்லை. அந்த மனிதருக்கு இவள் முகமும் தெரியாது, பெயரும் தெரியாது. தேர்வு எண்ணையும் இயந்திரம் கண்டுபிடித்துச் சொல்லும் குற்றத்தையும் பார்த்து எச்சரிக்கை அனுப்புவதோடு சரி. எவனோ ஒரு கல்நெஞ்சன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே எழுதினாள்.

ஆத்திரத்தில் ஒரு கணக்கை இரண்டு முறை தப்பாகப் போட்டாள். அழித்துவிட்டுப் போட்டபோது விடை வந்தது. கடைசிக் கேள்வி. பத்து நிமிஷம் மிச்சம். இந்தத் தடவை பாஸ்தான் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது.

ஹாலில் அவன் போனில் உச்சக்குரலில் எதையோ முழங்கினான்.

"மூன்றாவது எச்சரிக்கை. உங்கள் தேர்வு ரத்து செய்யப்பட்டது."

திரை அணைந்தது. கதவைப் படாரென்று திறந்துகொண்டு ஹாலுக்கு வந்தாள்.

கணவன் கணினி முன்னாலிருந்து முகமெல்லாம் பல்லாகத் திரும்பினான்.

"மேலதிகாரியே பாராட்டிட்டாரும்மா! ரூமுக்குள்ள எவனையோ வச்சுக்கிட்டுப் பரீட்சை எழுதின ஒரு ஃபிராடை, இப்பத்தான் வெளிய தள்ளினேன்!"