முப்பத்தெட்டாவது சான்று

ஆய்விதழுக்கு வரும் கட்டுரைகளின் மேற்கோள் பட்டியலைச் சீர்செய்வது அவள் வேலை. அன்று காலை வந்த கட்டுரையில் முப்பத்தெட்டாவது சான்று ஒரு தொலைபேசி உரையாடல். பேசியவர் என்று அவளுடைய அக்காவின் பெயர் இருந்தது. தேதி, போன செவ்வாய். அக்கா இறந்து இரண்டு வருடம் ஆகிறது.

கட்டுரை எழுதிய பேராசிரியரை அழைத்தாள். அக்கா போன செய்தி அவருக்கு எட்டவில்லை போலும்.

"சார், முப்பத்தெட்டுல தேதி தப்பா இருக்கு."

"தேதி சரிதாம்மா. அரை மணி நேரம் பேசினாங்களே. பட்டியலை என் தங்கச்சிதான் பார்ப்பா, ஒரு கமா விட்டாலும் விடமாட்டான்னு சிரிச்சாங்க." கொஞ்சம் தயங்கினார். "நீங்க மட்டும் போனை எடுக்கவே மாட்டேங்கறீங்களாம். ஏதாவது மனஸ்தாபமா?"

அக்காவின் கடைசி அழைப்பைக் கோபத்தில் அவள் எடுக்காமல் விட்டிருந்தாள். அதை யாரிடமும் சொன்னதில்லை.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்" என்று வைத்துவிட்டாள்.

வேறென்ன செய்வதென்று தெரியாமல், இதழின் விதிப்படி தேதியை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். அதுவும் தொலைபேசி உரையாடல்தான். அக்காவோடு பேசியவர் என்று இவளுடைய பெயரே இருந்தது. தேதி, நாளை.