ஒரு பக்கம் திரும்பினால் போதும்

2024 ஜூன் 12, புதன்கிழமை. மாங்குளத்தில் ஒரு தகரக் கொட்டிலுக்குள் நின்ற, கூரை வெட்டிய 1952ஆம் ஆண்டு ஒஸ்ரின் கார் வலப்பக்கம் திரும்ப மறுத்தது.

கிளிநொச்சியில் இருந்து வந்த மெக்கானிக் றஜீவன் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தான். "ஜப்பான் எஞ்சின் பூட்டினது பிழையில்லை அண்ணை. ஆனா வலப்பக்கம் ஒடிக்கேக்க ஸ்ரியரிங் றொட் எஞ்சினில முட்டுது."

"பின்னேரம் அஞ்சு மணிக்கு ஓடவேணும் தம்பி. ஊரே பாத்துக்கொண்டு நிக்குது" என்றார், காருக்குப் பொறுப்பான கமலநாதன்.

"எஞ்சினை அரை இஞ்சி தள்ளிப் பூட்டினா முட்டாது. ஆனா பிறகு இடப்பக்கம் ஒடிக்கேக்க முட்டும். ரெண்டு பக்கமும் சரிவர நாளைக்குத்தான்."

"வலப்பக்கம் மட்டும் திரும்பினாப் போதும்."

றஜீவன் தவழ்ந்து வெளியே வந்தான். "காரின்ர கூரையை வெட்டினனீங்கள், சரி. மூளையையும் சேத்து வெட்டிப்போட்டியளோ? இடப்பக்கம் திரும்பாத காரில ஆரை ஏத்தப் போறியள்?"

"பெரிய ஆள். கொஞ்சம் வயிறு பெருத்தவர். ஆறுதலாத்தான் போவார். நீ தள்ளிப் பூட்டு ராசா."

"எங்கையாவது கொண்டுபோய் இடிச்சா என்னட்டை வரக்கூடாது" என்று சொல்லிவிட்டு றஜீவன் எஞ்சினைத் தள்ளிப் பூட்டினான்.

ஐந்து மணிக்குக் கொட்டிலின், கோயில் வீதியைப் பார்த்த பின்கதவைத் திறந்தார்கள். மேளச் சத்தம் உள்ளே வந்தது. எட்டுப் பேர் பிள்ளையாரைத் தூக்கிவந்து காரில் வைத்தார்கள்.

"இதை முதலே சொல்லியிருக்கலாமே அண்ணை?"

"சொல்லியிருந்தா சாமிக் காரெண்டு தொடவே பயந்திருப்பாய்."

கார் கோயிலை ஒருமுறை வலம் வந்தது. நான்கு மூலைகளிலும் வலப்பக்கம் திரும்பியது. இடப்பக்கம் திரும்பவேண்டிய தேவை வரவில்லை.