நுனிநாக்கில் கடல்

கடற்காற்றை வடிகட்டும் ஃபில்டர் தாள் இன்றைக்கும் பழுப்பாகத்தான் வந்தது. இடுக்கியால் தூக்கும்போதே நாற்றம் மூக்கைத் துளைத்தது.

நல்ல கடலின் தூறல் என்றால் தாளில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். அந்த வெள்ளைத் துகள்தான் வெயிலைத் திருப்பி அனுப்பி ஊரைக் குளிர்விக்கும். பழுப்போ வெயிலைக் குடித்துவிட்டுச் சூடாகும்.

எங்கள் ஆய்வு நிலையத்துக்கு நேர் கீழேதான் ஊர்ச் சாக்கடைக் குழாய் கடலில் திறக்கிறது. அலை அதைத்தான் அடித்துக் காற்றில் தூவுகிறது.

ஊரைக் குளிர்விக்க இந்தத் தண்ணீரை உறிஞ்சி வானத்தில் பீய்ச்சி மேகத்தை வெளுக்கப் போகிறதாம் எங்கள் நிலையம். காற்று கொஞ்சம் திரும்பினால் அத்தனையும் என் அக்கா தெருவில்தான் வந்து இறங்கும். அவளுடைய சின்னவனுக்கு ஏற்கனவே மூச்சிழுப்பு.

அதனால்தான் இந்தத் திட்டத்துக்கு அனுமதி கொடுக்க வந்த அதிகாரியின் மூக்குக்கு நேராகவே தாளை நீட்டினேன். அவர் கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டு எங்கள் தலைவரைப் பார்த்தார்.

தலைவருக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. தாளில் இருப்பது உப்பா புகைக்கரியா என்று சந்தேகம் வந்தால் நுனிநாக்கில் வைத்துப் பார்த்துவிடுவார்.

என் கையிலிருந்து தாளை வாங்கினார். கொஞ்சமும் கூசாமல் நக்கினார்.

அடச்சீ.

"அருமையான உப்பு சார். நிறம் வெறும் கடல்பாசி, வேற ஒண்ணுமே இல்லை" என்று சப்புக்கொட்டினார்.

நக்கியே காட்டுகிற மனுஷனை யார் சந்தேகப்படுவார்கள்? அதிகாரி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். இந்த ஆள் வாய்க்குள்ளேயே போட்டு மறைத்துவிட்டார்.

எனக்கு எச்சில் விழுங்கக்கூட அருவருப்பாக இருந்தது.

ஒருவேளை ஜலதோஷமோ, நாற்றமே தெரியவில்லையோ, பாசிதான் என்று நிஜமாகவே நம்புகிறாரோ என்று வழியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். தெரியாமல் செய்கிறவரோடு சண்டை போடலாம், அழலாம், அக்காவுக்காகக் கெஞ்சியாவது பார்க்கலாம்.

கொஞ்ச நேரத்தில் தலைவரும் வந்தார். பையை வைத்துவிட்டுத் தொட்டிலில் இருந்த எங்கள் மகளைத் தூக்கினார்.



முத்தம் கொடுக்கக் குனிந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பயப்படாதம்மா, சோப்பு போட்டு நல்லா வாயைக் கழுவிட்டுதான் வந்திருக்கேன்."